பலகையின் விளிம்பு: ஸ்னோபோர்டு பழகுவது பற்றிச் சில குறிப்புகள்

எங்க ராயக்கோட்டையில் பனி என்றால் மார்கழி விடிகாலையில் மலைக்கோட்டை கண்ணுக்குத் தெரியாமல் போவது. தக்காளி ஏற்றின வண்டிகள் லைட் போட்டுக்கொண்டு ஊர்ந்து போகும். அவ்வளவுதான். காலில் மிதிபடும் பனிக்கும் தமிழில் அதே சொல்தான். பனிச்சறுக்கு என்ற சொல்லும் அப்படித்தான். ஸ்கீ, ஸ்கேட்டிங், ஸ்னோபோர்டு மூன்றையும் அதற்குள்ளேயே அடைத்துவிடுகிறோம். இந்தக் குறிப்பு ஸ்னோபோர்டு பற்றி மட்டும். ஒரே பலகை, இரண்டு காலும் அதில் குறுக்குவாட்டில் கட்டப்பட்டிருக்கும், கையில் ஊன்ற குச்சி கிடையாது.

போன பிப்ரவரியில், 44 வயதில், குல்மார்க்கில் ஆறு நாள் பழகினேன். போவதற்கு முன் மூன்று மாதம் கிடைத்ததையெல்லாம் படித்தேன். வீட்டில் வந்தது ஒரே கேள்விதான்: "ஏங்க, கை ஒடிஞ்சா கீபோர்டை எப்படித் தட்டுவீங்க? இஎம்ஐ யாரு கட்டுவா?" நியாயமான கேள்வி. ஸ்னோபோர்டில் புதிதாகப் பழகுபவருக்கு அதிகம் அடிபடும் இடம் மணிக்கட்டுதான். நான் படித்ததில் பாதி இந்தக் கேள்விக்குப் பதில் தேடித்தான்.

முதலில் கொஞ்சம் வரலாறு. 1965 கிறிஸ்துமஸ் அன்று அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஷெர்மன் பாப்பன் என்ற பொறியாளர், தன் பெண் குழந்தைகள் விளையாட இரண்டு ஸ்கீ பலகைகளைச் சேர்த்துப் பிணைத்துக் கொடுத்தார். அதுதான் 'ஸ்னர்ஃபர்'. முன்னால் பிடித்துக்கொள்ள ஒரு கயிறு, காலுக்குக் கட்டு எதுவும் இல்லை. நம்ம பசங்க பாக்கு மட்டையில் உட்கார்ந்து இழுத்துக்கொண்டு போவார்களே, அதற்கு ரொம்பப் பக்கத்துச் சொந்தம். 1977-இல் ஜேக் பர்ட்டன் கார்ப்பென்டர் இதை ஒரு தொழிலாகவே ஆக்கினார். 1998 நகானோ ஒலிம்பிக்கில் போட்டியாகச் சேர்ந்தது. நடுவில் வந்த இரண்டு மாற்றங்கள்தான் முக்கியம்: பூட்ஸைப் பலகையோடு பிணைக்கும் கட்டு, பலகையைச் சுற்றி இரும்பு விளிம்பு. இறுகிய பனியில் பிடிமானம் கொடுப்பது அந்த விளிம்புதான்.

பனி ஏன் வழுக்குகிறது? நம் எடை அழுத்தி, அடியில் பனி உருகி, தண்ணீர்ப் படலம் உண்டாகிறது என்று பள்ளியில் படித்திருப்போம். கணக்குப் போட்டுப் பாருங்கள். 75 கிலோ ஆள், பலகை பனியைத் தொடும் பரப்பு சுமார் 0.3 சதுர மீட்டர். அழுத்தம் 2500 பாஸ்கல், அதாவது வளிமண்டல அழுத்தத்தில் நாற்பதில் ஒரு பங்கு. பனிக்கட்டியின் உருகுநிலையை ஒரே ஒரு டிகிரி இறக்கவே 130 வளிமண்டல அழுத்தத்துக்கு மேல் வேண்டும். ஆக, அந்த விளக்கம் இங்கே எடுபடாது. பனியின் மேற்பரப்பு உறைநிலைக்குக் கீழேயும் முழுக்க இறுகுவதில்லை என்று ஃபாரடே 1850-லேயே ஊகித்தார். அதோடு, பலகை தேய்க்கும்போது உண்டாகும் சூடு மேற்பரப்பைக் கொஞ்சம் உருக்குகிறது. பவுடனும் ஹியூஸும் 1939-இல் இதைச் சோதித்துக் காட்டினார்கள். ரொம்பக் கடுமையான குளிரில் பனி மணல் மாதிரி பிடித்து இழுப்பதற்கும் இதுதான் காரணம்.

எவ்வளவு வேகம் எடுக்கும்? 10 டிகிரி சரிவு, கண்ணுக்குச் சரிவு என்றே தெரியாது. உராய்வுக் கெழு 0.05 என்று வைத்தால் முடுக்கம் விநாடிக்கு விநாடி 1.2 மீட்டர். பலகையைத் தட்டையாக விட்டு ஐந்து விநாடி சும்மா நின்றால் 15 மீட்டர் போயிருப்பீர்கள், வேகம் மணிக்கு 22 கிலோமீட்டர். நம்ம தெருவில் பசங்க சைக்கிளில் விரட்டும் வேகம், ஆனால் கையில் பிரேக் கிடையாது.

அதனால்தான் நல்ல வாத்தியார் யாரும் முதலில் போகச் சொல்லித் தருவதில்லை, நிற்கச் சொல்லித் தருகிறார். ரோல்பேக் எப்படிப் பண்ணுவது என்று தெரியாமல் டெப்ளாய் பண்ணக்கூடாது என்று ஆபீஸில் சொல்வோமே, அதே கதை.

பலகைக்கு வேலை செய்யும் விளிம்பு இரண்டு. குதிகால் பக்கம் ஒன்று, கால்விரல் பக்கம் ஒன்று. சரிவுக்குக் குறுக்காக நிற்கும்போது ஒன்று மலைப் பக்கம் இருக்கும், மற்றது பள்ளத்துப் பக்கம். மலைப் பக்க விளிம்பு மட்டும்தான் பனியில் கீற வேண்டும். அதை அழுத்தினால் நிற்கும், கொஞ்சம் தளர்த்தினால் பலகை பக்கவாட்டிலேயே மெதுவாக இறங்கும். பள்ளத்துப் பக்க விளிம்பு ஒரு நூல் அளவு தாழ்ந்தாலும் போச்சு. பனி அதைப் பிடித்துக்கொள்ளும், கால் அங்கேயே நின்றுவிடும், உடம்பு மட்டும் போய்க்கொண்டே இருக்கும். சைக்கிளில் முன் பிரேக்கை மட்டும் சட்டென்று பிடித்தால் நடப்பதுதான். ஸ்னோபோர்டில் இது இன்னும் மோசம், ஏனென்றால் இரண்டு காலும் கட்டியிருப்பதால் ஓர் அடி எடுத்து வைத்துச் சமாளிக்க வழியே இல்லை. ஸ்கீ பழகுபவர் மெதுவாகச் சாய்ந்து விழுவார், ஸ்னோபோர்டு பழகுபவர் தூக்கி எறியப்படுவார்.

எனக்குச் சொல்லிக்கொடுத்த காஷ்மீரி தம்பிக்கு வயசு இருபத்தைந்துக்குள் இருக்கும். என் பெங்களூர் ஆபீஸ் இந்தியும் அவருடைய இந்தியும் ஒருமாதிரி ஒத்துப்போச்சு. முதல் நாள் முழுக்க முன்கால் மட்டும் கட்டி, சமதளத்தில் உந்தி நகர்வது. எது முன்கால்? வீட்டிலேயே தெரிந்துகொள்ளலாம். மொசைக் தரையில் சாக்ஸோடு ஓடி வந்து சறுக்குங்கள், தானாக முன்னே வரும் கால்தான். வலது கால் வந்தால் அவர்களுக்கு 'கூஃபி' என்று பேர், கிண்டல் மாதிரி இருக்கும், ஆனால் குறை ஒன்றும் இல்லை.

இரண்டாம் நாள் குதிகால் விளிம்பு. கீழே பள்ளத்தைப் பார்த்தபடி நின்று, கால்விரலைத் தூக்கி, பக்கவாட்டில் இறங்குவது. "பஞ்சா ஊப்பர், பஞ்சா ஊப்பர்" என்று அவர் கத்திக்கொண்டே இருந்தார். பயத்தில் நாம் இடுப்பை மடக்கிப் பின்னால் உட்காரப் பார்ப்போம், பலகை முன்னால் ஓடிவிடும், பின்பக்கம் அடி. மடக்க வேண்டியது முழங்காலை, இடுப்பை அல்ல. 40 விழல் வரை எண்ணினேன், அப்புறம் எண்ணவில்லை. அன்றைக்குச் சாயங்காலம் எடையை இடம் வலமாக மாற்றி, மரத்திலிருந்து இலை ஆடி ஆடி இறங்குவது போல இறங்க வந்தது. அந்தப் பயிற்சிக்கு ஆங்கிலத்திலும் உதிரும் இலை என்றே பெயர்.

மூன்றாம் நாள் கால்விரல் விளிம்பு. இப்போது முகம் மலையைப் பார்க்கும், முதுகு பள்ளத்துக்கு. எங்கே போகிறோம் என்றே தெரியாது. கெண்டைக்கால் எரியும். நிறையப் பேர் இந்த இடத்தில்தான் விட்டுவிடுகிறார்களாம்.

நாலாம் நாளில்தான் திரும்புதல். இந்த விளையாட்டின் உயிரே இதில்தான் இருக்கிறது. ஒரு விளிம்பிலிருந்து மற்றதற்கு மாறும் நடுவில், பலகை தட்டையாகி நேராகப் பள்ளத்தைப் பார்க்கும் ஒரு விநாடி உண்டு. உடம்பு பின்வாங்கும், எடையைப் பின்காலில் போடும். போட்டால் பலகையின் முன்பாதி பனியைப் பிடிக்காது, திரும்பாது, வேகம் மட்டும் ஏறும். எடையை முன்காலில், அதாவது பயம் இருக்கும் திசையில், போட வேண்டும். போட்டுவிட்டால் மீதியைப் பலகையே பார்த்துக்கொள்ளும். அதன் வடிவம் உடுக்கை போல, நடு இடுப்பு சிறுத்தது. சாய்த்து எடையை வைத்தால் விளிம்பு வளைந்து ஒரு வில்லாகிறது, பலகை அந்த வில்லின் மேலேயே ஓடுகிறது. பல பலகைகளில் அந்த வட்டத்தின் ஆரம் ஏழெட்டு மீட்டர். காலால் முறுக்கித் திருப்ப வேண்டியதில்லை.

இனி மணிக்கட்டு. விழும்போது கையை விரித்து ஊன்றுவது அனிச்சைச் செயல், அதுதான் எலும்பை உடைக்கிறது. முஷ்டியை மூடி, முன்னால் விழுந்தால் முழங்கை வரை முன்கையைப் பரப்பி விழணும். பின்னால் என்றால் தாடையை நெஞ்சோடு சேர்த்து உருளணும். வீட்டு மெத்தையில் நூறு தடவை பழகலாம், நான் பழகினேன். அதைவிட உறுதியானது மணிக்கட்டுக் காப்பு. நார்வேயில் சுமார் 5000 ஸ்னோபோர்டுக்காரர்களை இரண்டு குழுவாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2001-இல் வெளியானது. காப்பு போட்ட குழுவில் மணிக்கட்டு காயம் 8, போடாத குழுவில் 29. வீட்டில் கேட்ட கேள்விக்கு என்னிடம் இருந்த ஒரே எண் பதில் இதுதான். வாடகைக் கடையில் காப்பு கிடைக்கும் என்று நம்ப வேண்டாம், ஊரிலிருந்தே ஒரு ஜோடி வாங்கிப் போங்கள். ஸ்கேட்டிங் சாமான் விற்கும் கடையில் இருக்கும். ஹெல்மெட் கட்டாயம். பேன்ட்டுக்குள் போடும் பின்பக்க மெத்தை சிரிப்பாக இருக்கும், இரண்டாம் நாள் சிரிக்க மாட்டீர்கள்.

எங்கே போவது? குல்மார்க் 2650 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, நம்ம பக்கத்து ஆளுக்கு முதல் நாள் பூட்ஸ் மாட்டவே மூச்சு வாங்கும். மத்திய சுற்றுலா அமைச்சகத்தின் பனிச்சறுக்குப் பயிற்சி நிறுவனம் அங்கேதான் இருக்கிறது. 2022 பெய்ஜிங் ஒலிம்பிக்குக்கு இந்தியாவிலிருந்து போன ஒரே வீரர் ஆரிஃப் கானும் அந்தப் பகுதிக்காரர்தான். ஊர் முழுக்க ஸ்கீ கலாசாரம், அதனால் ஸ்னோபோர்டு சொல்லித் தருபவரா என்று முன்கூட்டியே கேட்டுக்கொள்ளுங்கள். புதியவருக்குக் கோல்ஃப் மைதானத்தை ஒட்டிய சின்னச் சரிவுகளே போதும். கொண்டோலாவில் ஏறி அஃபர்வட் உச்சிக்குப் போவது வேறு உலகம். அங்கே பராமரிக்கப்படாத சரிவுகளில் பனிச்சரிவு ஆபத்து நிஜம். 2023 பிப்ரவரியில் போலந்து நாட்டுக்காரர்கள் இரண்டு பேர், 2024 பிப்ரவரியில் ரஷ்யர் ஒருவர் இறந்தார்கள், எல்லாரும் பனிச்சறுக்குக்காக வந்தவர்கள். அவர்கள் விட்ட இடத்தில் ஆறு நாள் பழகின நாம் தொடங்க வேண்டியதில்லை.

துபாயில் சொந்தக்காரர் இருந்தால் இன்னொரு வழி உண்டு. அங்கே மாலுக்குள் 2005-இல் திறந்த ஸ்கீ துபாயில் 400 மீட்டர் நீளச் சரிவு இருக்கிறது. நிற்பதையும் பக்கவாட்டில் இறங்குவதையும் அங்கேயே முடித்துவிட்டு மலைக்குப் போகலாம். ஊரிலேயே செய்யக்கூடியது, ஆறங்குல பிவிசி குழாய்த் துண்டின் மேல் ஒரு மாம்பலகையை வைத்து நின்று பழகுவது. சுவரோரமாகச் செய்யுங்கள். இரண்டு மாதம் தினம் பத்து நிமிஷம் நின்றது கணுக்காலுக்கு உதவியது, விளிம்புக்கு உதவவில்லை.

கடைசியாக, தேதி. 2024 ஜனவரியில் குல்மார்க் தரை வறண்டு கிடந்தது. 2025-இல் பனி போதாமல் கேலோ இந்தியா குளிர்காலப் போட்டியையே பிப்ரவரியிலிருந்து மார்ச்சுக்குத் தள்ளினார்கள். அதனால் ஜனவரியை விட்டுவிட்டு பிப்ரவரி நடுவில் போடுங்கள், ரத்து செய்தால் பணம் திரும்பும் டிக்கெட்டாகவே எடுங்கள், கிளம்பும் வாரத்தில் அங்கே இருப்பவர் ஒருவரிடம் போனில் ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: சின்னச் சரிவில் பனி எத்தனை அடி?