சிவப்பு விளக்கு பொய் சொல்லுமா?

பால் பொங்கினால் வாசனை காட்டிக் கொடுத்துவிடும். குக்கர் விசிலடித்துக் கூப்பிடும். குழந்தை அழுது தெரிவிக்கும். கார் என்ன செய்யும், பாவம்! ஓட்டுகிறவருக்கு எதிரே டாஷ்போர்டில் குட்டி விளக்குகளை ஏற்றிக் காட்டும். அவசரமானால் 'டிங், டிங்' என்று மணியடிக்கும். அதன் பாஷை அவ்வளவுதான்.

அந்தப் பாஷையிலும் சில சமயம் பொய் கலந்துவிடுவதுண்டு. பக்கத்து ஆசனத்தில் ஒருவருமில்லை. ஆனால் "பெல்ட் போடு" என்று மணி நச்சரிக்கிறது. நாலு கதவுகளும் சாத்தியிருக்கின்றன. கதவு திறந்திருப்பதாக விளக்கு எரிகிறது. "ஒயரைப் பிடுங்கி எறியுங்கள்!" என்று சொல்லத் தோன்றுகிறதல்லவா? சற்றுப் பொறுங்கள்.

இதே கோபம் ஒரு தேசத்துக்கே வந்ததுண்டு. அமெரிக்காவில் 1974-ம் வருஷ மாடல் கார்களில், முன் ஆசனத்தில் இருப்பவர் பெல்ட் மாட்டினால்தான் எஞ்சின் கிளம்பும் என்று ஏற்பாடு செய்திருந்தார்கள். மளிகைப் பையை ஆசனத்தில் வைத்தாலும் கார் அதை ஆளென்று எண்ணி அடம் பிடித்தது! ஜனங்கள் கொதித்தார்கள், பலர் இணைப்பையே துண்டித்துவிட்டார்கள். அந்த வருஷம் அக்டோபரிலேயே அமெரிக்கக் காங்கிரஸ் அந்த விதியை ரத்துச் செய்தது. பொய் மணியோடு மெய் மணியும் வாயடைத்துப் போயிற்று.

நம் நாட்டில், 2019 ஜூலை முதல் தயாராகும் கார்களில் ஓட்டுகிறவருக்கும் பக்கத்தில் இருப்பவருக்கும் பெல்ட்டை நினைவூட்டும் மணி கட்டாயமாயிற்று. மணியை ஏமாற்றும் போலிக் கொக்கிகளும் கடைக்கு வந்தன. 2023 மே மாதம், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் ஐந்து இணைய வியாபார நிறுவனங்களுக்கு அவற்றை விற்பனையிலிருந்து நீக்கும்படி உத்தரவிட்டது. கொக்கி மாட்டியதும் மணி ஓயும், விபத்து ஓயுமா? பெல்ட் மாட்டாதவருக்குக் காற்றுப் பை விரிவதே கூட ஆபத்தாகலாம்.

ஆகவே, மணி பொய் சொன்னால் அதன் வாயைக் கட்டாதீர்கள். ஏன் பொய் சொல்கிறது என்று பாருங்கள். பாதிக் காரணங்களை நீங்களே கண்டுபிடித்துவிடலாம்.

முதலில், சாவிப் பரீட்சை. சாவியை டாஷ்போர்டு விளக்குகள் எரியும் நிலை வரை திருப்பி, எஞ்சினைக் கிளப்பாமல் நிறுத்துங்கள். பொத்தான் வண்டியானால் பிரேக்கையும் கிளச்சையும் மிதிக்காமல், விளக்குகள் எரியும் வரை பொத்தானை விட்டு விட்டு அழுத்துங்கள். எண்ணெய், பாட்டரி, பிரேக், காற்றுப் பை விளக்குகள் எரிய வேண்டும். எஞ்சின் கிளம்பிச் சில விநாடிகளில் அணைய வேண்டும். எரிந்துகொண்டே இருக்கும் விளக்கை எல்லாரும் கவனிப்பார்கள். எரியவே எரியாத விளக்கை யார் கவனிப்பார்கள்? அதுதான் பெரிய ஆபத்து. பழைய கார்கள் பலவற்றில் எண்ணெய் விளக்கின் ஒயர் உராய்ந்து வண்டியின் இரும்பைத் தொட்டால் விளக்கு வீணாக எரியும். அதே ஒயர் அறுந்துபோனால், எண்ணெய் வற்றினாலும் விளக்கு எரியாது. பொய் பேசும் காவல்காரனை விட, தூங்கும் காவல்காரன் பொல்லாதவன்!

பெல்ட் மணி ஓயாவிட்டால் பக்கத்து ஆசனத்தைப் பாருங்கள். கைப்பையோ, தண்ணீர் பாட்டிலோ இருக்கிறதா? ஆசனத்துக்கடியில் எடையை உணரும் மெத்தை உண்டு. அதற்குப் பையும் ஒன்றுதான், பாட்டியும் ஒன்றுதான். பையை எடுத்தும் ஓயவில்லையானால், பெல்ட் கொக்கி மாட்டும் துவாரத்தில் பிஸ்கட் தூளோ, காசோ புகுந்திருக்கலாம். உள்ளே இருக்கும் சிறு ஸ்விட்ச் அதனால் வேலை செய்யாது.

கதவு விளக்கு எரிந்தால் ஒவ்வொரு கதவாகத் திறந்து, அழுத்திச் சாத்துங்கள். எந்தக் கதவைச் சாத்தும்போது விளக்கு கண் சிமிட்டுகிறதோ, அதன் ஸ்விட்சில்தான் அழுக்கோ, மழை ஈரமோ இருக்கும். டிக்கிக் கதவை மறந்துவிடாதீர்கள்.

பிரேக் விளக்கு எரிந்தால் கைப்பிரேக் முழுவதும் இறங்கியிருக்கிறதா பாருங்கள். இறங்கியும் எரிந்தால் பிரேக் திரவம் குறைந்திருக்கலாம்; வண்டியை எடுக்காமல் மெக்கானிக்கைக் கூப்பிடுங்கள். எண்ணெய் விளக்கு ஓட்டத்தில் எரிந்தால் ஓரமாக நிறுத்தி உடனே எஞ்சினை அணையுங்கள். "வீடு பக்கத்தில்தானே" என்ற நினைப்பு ஒரு எஞ்சினின் விலை!

பல விளக்குகள் ஒரே சமயத்தில் எரிந்தால் பயப்படாதீர்கள். எல்லாம் ஒன்றாகக் கெட்டிருப்பது அபூர்வம். பாட்டரி தளர்ந்திருக்கும், அல்லது அதன் முனையில் பச்சைப் பூப் பூத்திருக்கும், அல்லது எர்த் ஒயர் கழன்றிருக்கும். எஞ்சின் ஓடும்போது பாட்டரி முனைகளில் சாதாரணமாகச் சுமார் 14 வோல்ட் இருக்கவேண்டும். மெக்கானிக்கை மீட்டர் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். பியூஸ் போயிருந்தால் அதே அளவுப் பியூஸே போடவேண்டும். 10 ஆம்பியர் சிவப்பு, 15 நீலம், 20 மஞ்சள் என்று நிறமே சொல்லும். ஜிகினாத் தாளைச் சுற்றிச் செருகுவதும், பெரிய பியூஸ் போடுவதும் ஒயரைக் கொளுத்தி நெருப்பை வரவழைக்கும் வழி.

ஒன்றை மட்டும் நீங்கள் தொடவே வேண்டாம். ஆசனத்துக்கடியில் மஞ்சள் உறை போட்ட ஒயர் இணைப்பு தெரிந்தால் அது பெரும்பாலும் காற்றுப் பையைச் சேர்ந்தது. கைபட்டால் பை திடீரென்று விரியக்கூடும். அதைத் தேர்ந்த மெக்கானிக்கிடம் விட்டுவிடுங்கள்.

அவரிடம் போகும்போது "ஏதோ விளக்கு எரியுது" என்று சொல்லாதீர்கள். எந்த விளக்கு, எந்த நிறம், எப்போது எரிகிறது, மேடு பள்ளத்திலா, மழையிலா என்று ஒரு சீட்டில் எழுதிக் கொடுங்கள். டாக்டரிடம் குழந்தையின் ஜுரத்தைச் சொல்கிறோமே, அப்படி! "மணியை நிறுத்திவிடட்டுமா, அம்மா?" என்று அவர் கேட்டால், "மணி இருக்கட்டும், கோளாறை நிறுத்துங்கள்" என்று சொல்லுங்கள்.