கம்ப்யூட்டரின் நீர்பாய்ச்சி

இராஜபாளையம், ஸ்ரீவில்லிபுத்தூர் ஒன்றியங்களின் கண்மாய்ப் பாசன விவசாயிகளுக்கு நீர்பாய்ச்சியின் வேலையை நாம் விளக்க வேண்டுவதில்லை. மடையைத் திறப்பதும், அடைப்பதும், முறைவைத்து வயலுக்கு வயல் நீர் விடுவதும் அவர் பொறுப்பு. நாற்று நடுவது அவர் வேலையன்று. எனினும் அவர் இல்லையேல் மேல்வயலில் நீர் தேங்கும், கடைமடை காயும். கம்ப்யூட்டரில் இப்பொறுப்பை ஏற்பதே இயங்குதளம்.

ஊராட்சி அலுவலகத்தில் ஒரே சமயத்தில் ஒரு கடிதம் தட்டச்சாகிறது, ரசீது அச்சாகிறது, 2020-இல் தொடங்கப்பெற்ற இ-கிராம் ஸ்வராஜ் தளத்தில் கணக்கு ஏறுகிறது. இக்காரியங்களைச் செய்பவை புரோகிராம் எனப்படும் நிரல்கள். யந்திரமோ ஒன்றுதான். எந்த நிரலுக்கு எவ்வளவு நேரம், எவ்வளவு நினைவகம் என்று நொடியையே பல கூறாக்கி முறை வைக்கிறது இயங்குதளம். ஒரு நிரல் மற்றொன்றின் இடத்தில் கைவைக்காமல் காப்பதும், கோப்புகளை இடமறிந்து வைப்பதும் அதன் கடமையே.

விண்டோஸுடன் இணைய உலாவி முதலியனவும் வருகின்றனவே, அவையும் இயங்குதளமா? இவ்வினா அமெரிக்காவில் நீதிமன்றமே ஏறிற்று. 1998-இல் அந்நாட்டு அரசு மைக்ரோசாப்ட் மீது தொடுத்த வழக்கில், உலாவி விண்டோஸின் உறுப்பா, தனிச் சரக்கா என்பது பெரும் வாதமாயிற்று. நடுவிலுள்ள கரு மட்டுமே இயங்குதளம் என்பாரும் உளர். அது போதாதென்பது நம் கருத்து. லினஸ் டோர்வால்ட்ஸ் 1991-இல் வெளியிட்ட லினக்ஸ் கருவே ஆண்ட்ராய்டு கைப்பேசியிலும் உள்ளது. சி-டாக் நிறுவனம் உருவாக்கிய ‘பாஸ்’ என்னும் இந்திய இயங்குதளத்திலும் உள்ளது. ஆயினும் கைப்பேசி நிரல் பாஸில் அப்படியே ஓடாது. கருவும், நிரல்கள் அதனிடம் வேலை கேட்கும் வழிகளும் சேர்ந்ததே இயங்குதளம். உலாவி அதன்மேல் ஓடும் ஒரு நிரலே.

யந்திரமும் இயங்குதளமும் வேறு என்பதற்குச் சான்று நம் மாணவர் கையிலேயே இருந்தது. 2011-இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டத்தில் விண்டோஸும் பாஸும் ஒரே கணினியில் தரப்பட்டன.

இவ்வேற்றுமை ஊராட்சிப் பணத்தைத் தொடுவது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவை மைக்ரோசாப்ட் 2025 அக்டோபர் 14-ஆம் நாள் நிறுத்திற்று. பழைய கம்ப்யூட்டர்கள் பல விண்டோஸ் 11-ஐ ஏற்பதில்லை. அங்கே காவல் தளர்ந்ததேயன்றி யந்திரம் கெடவில்லை. புதிது வாங்கத் தீர்மானம் எழுதுமுன், விலையின்றிக் கிடைக்கும் பாஸ் போன்றதொன்றை அதில் ஏற்றிப் பார்க்கலாம். அலுவலக அச்சுப்பொறியும், பணப்பட்டுவாடாவுக்கான டிஜிட்டல் கையொப்பச் சாதனமும் அதில் இயங்குகின்றனவா என்பதை முதலில் சோதித்துக்கொள்வது அவசியம்.