டிரவுட் பிடிக்கப் போறீங்களா? முதல்ல மீனோட காலண்டரைப் பாருங்க!

இமாச்சலப் பிரதேசம், குல்லு மாவட்டத்தில் ஓடும் சின்ன ஆறு தீர்த்தன். பனிமலையில் பிறந்து பாறைகளுக்கு நடுவே துள்ளி வரும் இந்தக் குளிர்ந்த நீரில், ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விடப்பட்ட டிரவுட் மீன்கள் வாழ்கின்றன. புழுவுக்குப் பதிலாக, இறகும் நூலும் சுற்றிய பொய்ப்பூச்சியை வீசி மீன் பிடிக்கும் ‘ஃப்ளை ஃபிஷிங்’குக்காகவே பலர் இங்கே வருகிறார்கள்.

டூர் போட நினைப்பவர்கள் லீவு நாளைக் கணக்குப் போடும் முன், மீனின் காலண்டரைப் பார்க்க வேண்டும். நவம்பர் முதல் பிப்ரவரி வரை இங்கே டிரவுட் பிடிக்கத் தடை. அது அவை முட்டையிடும் காலம். ஜூலை, ஆகஸ்ட்டில் மழையால் ஆறு கலங்கி வேகமெடுக்கும், இறங்குவதே ஆபத்து. மார்ச், ஏப்ரல், அக்டோபர் மாதங்கள் வசதி.

டெல்லியிலிருந்து மணாலி செல்லும் பஸ்ஸில் ஏறி ஔட்டில் இறங்கினால், பஞ்சார் வழியாக குஷைனி கிராமத்துக்குப் போகலாம். மாநில மீன்வளத் துறையின் அனுமதிச் சீட்டு கட்டாயம்.

சின்ன ஆற்றில் சத்தமும் நிழலும் மீனை விரட்டிவிடும். டிரவுட் நீரோட்டத்தை எதிர்த்து நிற்பதால், கீழிருந்து மேல்நோக்கி, அதன் முதுகுப் பக்கமாக மெதுவாக நடக்க வேண்டும்.

பிடித்த மீனைத் திரும்ப விடுவதாக இருந்தால், தூண்டில் முள்ளின் கொக்கியைக் குறடால் முன்பே நசுக்கிவிடுங்கள். மீனைத் தொடும் முன் கையை நனைத்துக்கொள்ளுங்கள். உலர்ந்த கை பட்டால், நோயிலிருந்து அதைக் காக்கும் வழுவழுப்புப் படலம் போய்விடும். நீந்திப் போனாலும் பிறகு பிழைப்பது சிரமம்.