ஆங்கிலத் தேர்வும் மாதிரி வினாத்தாள்களும்

மலேசியாவில் அரசாங்கப் பல்கலைக்கழகம் புக விழையும் மாணாக்கர் எதிர்கொள்ளும் தேர்வுகளுள் ஒன்று, ‘மூயெட்’ எனச் சுருக்கி வழங்கும் மலேசியப் பல்கலைக்கழக ஆங்கிலத் தேர்வாகும். 1999-ஆம் ஆண்டு தொடங்கிய இத்தேர்வை மலேசியத் தேர்வு மன்றம் நடத்தி வருகிறது. இன்ன துறைக்கு இன்ன தரநிலை வேண்டும் என்னும் வரையறை உண்டாதலால், ஏனைய பாடங்களில் சிறந்து விளங்கியும் ஆங்கிலத்தில் அரைநிலை குறைந்தவர் விரும்பிய துறையைக் கைவிட நேரலாம். ஆகவே தேர்வு நெருங்குங்கால் மாதிரி வினாத்தாள் தொகுதிகளை மாணாக்கர் வாங்கிக் குவிப்பதில் வியப்பில்லை. இருபது தாள்களை எழுதித் தீர்த்த மாணவன், முதல் தாளில் செய்த பிழையையே இருபதாம் தாளிலும் செய்வதுதான் வியப்பு.

இதற்குக் காரணம் யாது? தாளை எழுதுகிறான், விடைக்குறிப்பைப் பார்த்து மதிப்பெண்ணைக் கூட்டுகிறான், உடனே அடுத்த தாளை எடுக்கிறான். வெப்பமானியை ஓயாது வாயில் வைத்து எடுப்பதால் காய்ச்சல் தணிவதில்லை.

ஆயினும் தேர்வு என்பது அளவுகோல் மட்டுமன்று. கற்பிக்கும் ஆற்றலும் அதற்கு உண்டு. அமெரிக்காவின் செயிண்ட் லூயிஸ் நகரிலுள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த ரோடிகர், கார்ப்பிக்கி என்னும் உளநூலார் இருவர் 2006-இல் வெளியிட்ட ஆய்வு இதனை விளக்குகிறது. மாணாக்கர் சிறு உரைப்பகுதிகளைப் படித்தனர். பின்னர் ஒருமுறை அதனையே மீண்டும் படித்தனர். மற்றொருமுறை படித்ததை மூடிவைத்து நினைவிலிருந்து எழுதினர். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது, மீண்டும் படித்தது 81 விழுக்காடும், எழுதிப் பார்த்தது 75 விழுக்காடும் நினைவில் நின்றன. ஒரு வாரம் கழித்தோ நிலைமை தலைகீழாயிற்று: முன்னது 42, பின்னது 56. அந்த உரைப்பகுதிகள் ஓர் ஆங்கிலத் தேர்வுப் பயிற்சி நூலிலிருந்தே எடுக்கப்பட்டவை என்பதும் சுவையான செய்தி.

இங்கு ஒன்றை மறத்தலாகாது. அம்மாணாக்கர் நினைவிலிருந்து தாமே எழுதினர். நான்கு விடைகளுள் ஒன்றைச் சுட்டவில்லை. ரோடிகரும் மார்ஷ் என்பவரும் 2005-இல் வெளியிட்ட மற்றோர் ஆய்வின்படி, பலவிடைத் தேர்வில் தவறான விடையைத் தேர்ந்தவர் சிலர், பிற்பாடு அதனையே மெய்யென எழுதினர். எனவே தாளைத் திருத்தாமல் நாள் கடத்துவது, பிழையை வேரூன்ற விடுவதாகும்.

திருத்துதல் என்பது சரி, தவறு எனக் குறியிடுவதோடு முடிவதன்று. ஒவ்வொரு பிழைக்கும் பிறப்பிடம் காண வேண்டும். சொல் தெரியவில்லையா? வாக்கியத்தின் கட்டு பிடிபடவில்லையா? நேரம் போதவில்லையா? நோய் வேறாயின் மருந்தும் வேறு. ஒரு வாரம் சென்றபின் அதே பகுதியை எடுத்து, தரப்பட்ட விடைகளைத் தாளால் மறைத்துவிட்டு, வினாவுக்குத் தன் சொற்களில் விடை எழுதச் செய்தால் பழைய தாளும் புதுத்தாளாகும்.

தமிழாசிரியர் இவ்விடத்துப் பெரிதும் உதவக் கூடும். ‘நேற்று வந்த ஆசிரியர்’ என்று தமிழில் அடைமொழி முன்னே நிற்கும். ஆங்கிலத்தில் அதுவே ‘தி டீச்சர் ஹூ கேம் எஸ்டர்டே’ எனப் பெயருக்குப் பின்னே தொடரும். அத்தொடர் இரண்டு வரி நீளுமாயின், எழுவாய்க்குரிய வினை எதுவெனத் தமிழ் மாணவன் தடுமாறுகிறான். ‘எ’, ‘தி’ என்னும் சுட்டுச்சொற்களிலும் அவ்வாறே. அவற்றுக்கு நேரான இலக்கணம் தமிழில் இல்லாமையால் கட்டுரைதோறும் அவை விடுபடும். இரு மொழியின் அமைப்பையும் அருகருகே வைத்துக் காட்ட வல்லவர், இரண்டும் அறிந்தவரே.

பழைய வினாத்தாள்களைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை வேண்டும். தேர்வின் அமைப்பு 2021-இல் மாறியது. முன்னர் மொத்தம் 300 மதிப்பெண். அதில் வாசிப்புக்கு 120, எழுத்துக்கு 90, கேட்டலுக்கும் பேச்சுக்கும் தலா 45. இப்போது மொத்தம் 360. நான்கிற்கும் தலா 90. அண்ணன் விட்டுச்சென்ற பழைய தொகுதியை நம்பி வாசிப்பிலேயே மூழ்குபவர், பாதி மதிப்பெண்ணுக்குரிய கேட்டலையும் பேச்சையும் புறக்கணித்தவராவார். பழைய தாள்கள் வாசித்துப் பழகுவதற்கு உதவும். நேரத்தைக் கணிப்பதற்கு உதவா. இன்றைய வாசிப்புத் தாளில் 40 வினாக்களுக்கு 75 நிமிடமே.

பேச்சுத் தேர்வுக்கோ அச்சிட்ட தாளால் பயன் சிறிது. தனியே பேசியபின் குழுவாக உரையாட வேண்டும். பிறர் கருத்தை ஏற்றும் மறுத்தும் பேசும் பழக்கம் தனியறையில் வாராது. வாரம் ஒருமுறை நால்வர் கூடி, ஒரு தலைப்பைப் பத்து நிமிடம் பேசி, அதனைக் கைத்தொலைபேசியில் பதிந்து கேட்டால் போதும். நால்வரும் மாணாக்கராகவே இருக்கட்டும். ஆசிரியர் உடனிருப்பின், பத்து நிமிடம் முடியும் வரை அவர் வாய் திறவாதிருத்தல் நலம்.