நேரடியாக இணைத்த இரு கணினிகளிடையே அளவீட்டுத் தரவுப் பகிர்வு

ஒரு கணினி உணரியின் மூலம் அளந்த எண்களை, ரவுட்டரோ இணையமோ இல்லாமல், ஒரே வடத்தால் இணைத்த மற்றொரு கணினி பெற்றுப் பயன்படுத்துவதே நேரடித் தரவுப் பகிர்வு ஆகும். இணைய வசதி இல்லாத பள்ளி ஆய்வகங்களில் இது மிகவும் பயன்படும். ஒரு மாணவர் அளக்க, மற்றவர் வரைபடம் வரையலாம். ஒரே ஒரு கோப்பை ஒரு தடவை மாற்றுவதற்கு இவ்வளவு ஏற்பாடு தேவையில்லை; பென்டிரைவ் போதும்.

அளக்கும் கருவிக்கு நம் நாட்டிலேயே நல்ல எடுத்துக்காட்டு எக்ஸ்பைஸ். புது தில்லியிலுள்ள பல்கலைக்கழகங்களுக்கிடை முடுக்கி மையம் 2004-இல் தொடங்கிய ஃபீனிக்ஸ் திட்டத்தில், பி. பி. அஜித்குமார் முன்னின்று உருவாக்கியது. யுஎஸ்பி வடத்தில் கணினியோடு இணையும்; மின்சாரத்தையும் அதன் வழியே பெறும். இதன் மென்பொருள் பைத்தான் மொழியில் எழுதப்பட்ட கட்டற்ற மென்பொருள்.

இணைப்பு

இரு கணினிகளின் ஈதர்நெட் போர்ட்டுகளை ஒரு வடத்தால் இணைக்க வேண்டும். முன்பு இதற்குக் குறுக்கு வடம் தேவைப்பட்டது. அதாவது ஒரு முனையின் 1, 2 கம்பிகள் மறுமுனையில் 3, 6 ஆக மாறியிருக்கும். ஒருவர் பேசுவது மற்றவர் காதுக்குப் போகவேண்டும் அல்லவா? இன்றைய கணினிகள் பெரும்பாலும் இதைத் தாமே சரிசெய்துகொள்கின்றன. சாதாரண வடமே போதும். ஆனால் இரு கணினிகளின் யுஎஸ்பி போர்ட்டுகளைச் சாதாரண யுஎஸ்பி வடத்தால் இணைக்கக் கூடாது. இரண்டுமே மின்சாரம் தருபவை, பழுது நேரலாம்.

அடுத்தது முகவரி. ஒன்றும் செய்யாவிட்டால் இரண்டும் 169.254 எனத் தொடங்கும் முகவரிகளைத் தாமே எடுத்துக்கொள்ளும். அவை மாறக்கூடியவை என்பதால் ஒன்றுக்கு 192.168.10.1, மற்றதற்கு 192.168.10.2 என நாமே கொடுத்துவிடுவது நல்லது. இரண்டிலும் துணைவலை மறைமூடி 255.255.255.0. பிறகு அளக்கும் கணினியில், பைத்தானுடன் வரும் எளிய வலைச் சேவையகத்தை தரவு உள்ள கோப்புறையில் இயக்கினால், மற்றதன் உலாவியில் முகவரியையும் 8000 என்னும் போர்ட் எண்ணையும் தட்டிக் கோப்புகளைப் பார்க்கலாம். வராவிட்டால் பெரும்பாலும் தீச்சுவர்தான் காரணம். புதிய இணைப்பை விண்டோஸ் 'பொது' வலையமைப்பாகக் கருதித் தடுக்கும்; தீச்சுவரை அணைக்காமல், அந்த இணைப்பைத் 'தனியார்' என்று மாற்றிப் பார்க்கலாம்.

வேகம் பற்றிக் கவலை வேண்டாம். வினாடிக்கு ஓர் அளவீடு, ஒவ்வொன்றும் 20 எழுத்து என்றால் மணிக்கு 72,000 எழுத்துகள். வினாடிக்கு 9600 பிட் அனுப்பிய பழைய தொடர்முறைப் போர்ட்டே அதை 75 வினாடியில் அனுப்பிவிடும்.

எண் சேர்ந்தது, பொருள் சேர்ந்ததா?

சிக்கல் வடத்தில் அல்ல, கோப்பில். நெல்லித்தோப்பில் எங்கள் வீட்டுத் திண்ணையில் இரண்டு பிள்ளைகள் வெந்நீர் ஆறும் வேகத்தை அளந்தார்கள். வெப்பநிலை 80.0, 79.6, 79.1, 78.7 என்று ஒழுங்காக இறங்கியது. மற்றக் கணினியில் வரைந்த கோடோ 0, 6, 1, 7 என்று ரம்பப் பல்லாகத் துள்ளியது! உணரி கெட்டுவிட்டது என்று இரண்டு தடவை மறுபடியும் வெந்நீர் வைத்தார்கள்.

உணரியில் குறையே இல்லை. அளந்த மடிக்கணினி பிரான்சிலிருந்து உறவினர் கொண்டுவந்தது. புதுச்சேரியில் இது அதிசயமில்லை. அதன் வட்டார அமைப்பு பிரெஞ்சு. பிரெஞ்சு முறையில் தசமக் குறி புள்ளி அல்ல, காற்புள்ளி. அட்டவணைச் செயலியில் கோப்பைத் திறந்து தலைப்புச் சேர்த்துச் சேமித்தபோது 79.6 என்பது 79,6 ஆனது. நெடுவரிசைகளைப் பிரிக்க அரைப்புள்ளி வந்தது. நம் கணினியோ காற்புள்ளியைத்தான் பிரிப்பானாகக் கொள்ளும். ஆகவே 79 முதல் நெடுவரிசையில் நேரத்தோடு ஒட்டிக்கொள்ள, 6 மட்டும் இரண்டாவதற்குப் போனது. வரைந்தது தசம இலக்கங்களை மட்டுமே. செயலியில் திறக்காத மூலக் கோப்பையே அனுப்பியதும் கோடு அழகாக வளைந்து இறங்கியது.

அலகும் அப்படித்தான். 1999 செப்டம்பரில் நாசாவின் செவ்வாய்க் காலநிலைச் சுற்றுக்கலம் அழிந்ததற்குக் காரணம், ஒரு மென்பொருள் பவுண்டு-விசை வினாடியில் தந்த எண்களை மற்றொன்று நியூட்டன்-வினாடி எனக் கொண்டதுதான். வேறுபாடு சுமார் 4.45 மடங்கு.

அளவெல்லையையும் கோப்பின் தலையில் எழுத வேண்டும். எக்ஸ்பைஸ்-17 கருவி −16 முதல் +16 வோல்ட் வரை 12 பிட்டில், அதாவது 4096 படிகளில் அளக்கும். ஒரு படி ஏறத்தாழ 7.8 மில்லிவோல்ட். எல்எம்35 உணரி ஒரு செல்சியஸ் பாகைக்கு 10 மில்லிவோல்ட் தருவதால், ஒரு படியே 0.8 பாகை ஆகிவிடும். அந்த எல்லையில் 27.4367 என்று கோப்பில் இருந்தால் கடைசி இலக்கங்கள் வெறும் அலங்காரம். எல்லையை 1 வோல்ட்டாகக் குறைத்தால் படி சுமார் 0.05 பாகை.

இரு கணினிகளுமே அளந்தால் கடிகாரங்களையும் கவனிக்க வேண்டும். இணையம் இல்லாதபோது கணினிக் கடிகாரம் நாளுக்கு ஓரிரு வினாடி விலகுவது இயல்பு. வெந்நீர் ஆறுவதற்கு அது பொருட்டல்ல. ஆனால் 1 மீட்டர் உயரத்திலிருந்து விழும் குண்டு 0.45 வினாடியில் தரையைத் தொட்டுவிடும். கடிகாரப் பிழையே சோதனையைவிடப் பெரிது. இத்தகைய சோதனையில் தொடக்கத்தையும் முடிவையும் உணரும் இரு உணரிகளையும் ஒரே கருவியில் இணைத்து அளந்து, முடிவை மட்டும் மற்றக் கணினிக்கு அனுப்ப வேண்டும்.