ஒளித்து வைத்த பெட்டியைத் தேடும் விளையாட்டு



போன ஏப்ரல் லீவுக்கு அம்பாறை மாவட்டத்தில் சொறிக்கல்முனையிலே இருக்கிற சொந்தக்காரர் வீட்டுக்குப் போயிருந்தேன். சுற்றிவர வயலும் தண்ணீரும் உள்ள ஊர். திருச்சிலுவைத் திருத்தலம் இருப்பதால் பல பக்கத்திலிருந்தும் ஆட்கள் வந்து போவார்கள். அங்கே பிள்ளைகள் ஒரு பிஸ்கட் டின்னுக்குள் பென்சில், மாபிள் எல்லாம் போட்டு, வயல் வரம்பு ஓரம் பற்றைக்குள் ஒளித்து வைத்து, மற்றப் பிள்ளைகளைத் தேட விட்டார்கள். நல்ல விளையாட்டுத்தானே என்று நானும் பார்த்துக்கொண்டு நின்றேன்.

வயலால் வந்த ஒரு பெரியவர் டின்னைக் கண்டதும் கத்தினார்: "தொடாதங்க புள்ளையள்! தள்ளி நில்லுங்க!" அவருடைய கை நடுங்கியது. பிள்ளைகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு விளங்கியது. யுத்த காலத்தில் பற்றைக்குள் கிடக்கும் பெட்டி என்றால் என்ன அர்த்தம் என்று கிழக்கில் வாழ்ந்தவர்களுக்குச் சொல்லித் தரத் தேவையில்லை.

இந்த விளையாட்டை இன்றைக்கு உலகம் முழுக்கப் பெரியவர்களே விளையாடுகிறார்கள். அது என்ன, நம் பிள்ளைகள் ஆபத்தில்லாமல் எப்படி விளையாடலாம் என்று இம்முறை பார்ப்போம்.

தொடங்கியது எப்படி?

இங்கிலாந்தின் டெவன் பகுதியில் டார்ட்மூர் என்று ஒரு பெரிய மேட்டுநிலம் இருக்கிறது. புல்லும் சேறும் பாறையும்தான். அங்கே வழிகாட்டியாக இருந்த ஜேம்ஸ் பெரட் என்பவர், 1854இல் கிரான்மியர் பூல் என்ற எட்டாத இடத்தில் ஒரு போத்தலை வைத்தார். அவ்வளவு தூரம் நடந்து வந்தவர்கள் தங்கள் பெயர் அட்டையை அதற்குள் போட்டுவிட்டுப் போனார்கள். பிறகு தங்கள் விலாசம் எழுதிய தபால் அட்டையை வைத்துவிட்டுப் போவதும் வழக்கமானது. அடுத்து வருகிறவர் அதை எடுத்துப் போய்த் தபாலில் போடுவார். அதனால்தான் 'லெட்டர்பொக்ஸ்' என்று பெயர் வந்தது.

இப்போது அந்தப் பெட்டிக்குள் ஒரு கொப்பியும் ஒரு றப்பர் முத்திரையும் இருக்கும். தேடிப் போகிறவர் தன்னுடைய கொப்பியையும் முத்திரையையும் கொண்டு போவார். பெட்டியின் முத்திரையைத் தன் கொப்பியிலும், தன் முத்திரையைப் பெட்டிக் கொப்பியிலும் குத்திவிட்டு, பெட்டியை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு வருவார்.

வானத்திலிருந்து வழி

ஜி.பி.எஸ். என்பது அமெரிக்காவின் செய்மதி ஏற்பாடு. ஏறக்குறைய 20,200 கிலோமீற்றர் உயரத்தில் செய்மதிகள் பூமியைச் சுற்றுகின்றன. நாலு மலையில் நாலு கங்காணிமார் நின்று ஒரே நேரத்தில் கூப்பிட்டால், எந்தச் சத்தம் முந்தி வந்தது, எது பிந்தி வந்தது என்று பார்த்து, நாம் நிற்கிற இடத்தைக் கணக்குப் பண்ணலாம் அல்லவா? கைப்போன் செய்வதும் அதுதான். குறைந்தது நாலு செய்மதியின் சமிக்ஞை அதற்கு வேண்டும்.

முந்தி பொதுமக்களுக்குக் கிடைத்த சமிக்ஞையில் அமெரிக்கா வேண்டுமென்றே பிழை சேர்த்து வைத்திருந்தது. 100 மீற்றர் வரை இடம் மாறிக் காட்டும். 2000ஆம் ஆண்டு மே 2ஆம் திகதி அந்தப் பிழையை நிறுத்தினார்கள். அடுத்த நாளே டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் ஒரு வாளியை ஒளித்து வைத்து, அதன் அகலாங்கு நெட்டாங்கை எல்லாருக்கும் அறிவித்தார். மைக் டீக் என்பவர் முதலில் கண்டுபிடித்தார். அதுதான் 'ஜியோகேஷிங்'. இப்போது உலகத்தில் 30 இலட்சத்துக்கு மேல் இப்படிப் பெட்டிகள் இருக்கின்றன.

கல்முனைப் பக்கம் என்றால் வடக்கு அகலாங்கு ஏறக்குறைய 7.4 பாகை, கிழக்கு நெட்டாங்கு 81.8 பாகை. இப்படி ஒரு தசம இலக்கம் மட்டும் போட்டால் 11 கிலோமீற்றருக்குள் எங்கேயும் தேடலாம். ஐந்து தசம இலக்கம் போட்டால் ஏறக்குறைய ஒரு மீற்றர். ஆனாலும் கைப்போன் சில மீற்றர் தவறிக் காட்டும். மரத்தடியிலும் பள்ளத்திலும் இன்னும் தவறும். கடைசித் தேடல் கண்ணாலும் மூளையாலும்தான்.

"இதெல்லாம் நமக்கு என்னாத்துக்குங்க?"

இப்படிச் சிலர் கேட்கலாம். இரண்டு காரணம் உண்டு.

ஒன்று, கண்டி ஹந்தானையில் தொடங்கி நுவரெலியாவில் முடிகிற 'பெக்கோ ட்ரெயில்' நடைபாதை 300 கிலோமீற்றருக்கு மேல், 22 பகுதிகளாகத் தோட்டப் பாதைகள் வழியாகப் போகிறது. நடக்க வரும் வெளியாட்கள் கைப்போனைப் பார்த்துக்கொண்டு மதில் இடுக்கைத் தடவினால் நாம் திகைக்காமல் இருக்க வேண்டும். மரியாதையாக, "என்ன தேடுறீங்க? தோட்டத்தில அனுமதி எடுத்தீங்களா?" என்று கேட்பது நம்முடைய உரிமை.

இரண்டு, நம் பிள்ளைகள் பள்ளிக்கூடத்தில் திசையும் அகலாங்கும் கொப்பியில்தான் படிக்கிறார்கள். இந்த விளையாட்டில் காலால் நடந்து படிப்பார்கள். லெட்டர்பொக்ஸ் விளையாட்டுக்குக் கைப்போனும் தேவையில்லை, செலவும் பெரிதாக இல்லை.

செய்வது எப்படி?

மழைத் தண்ணீர் போகாத, மூடி இறுகிய பிளாஸ்டிக் பெட்டி ஒன்று எடுங்கள். உள்ளே ஒரு சின்னக் கொப்பி, பென்சில், முத்திரை, முத்திரை மை. முத்திரையை அழிறப்பரில் வெட்டலாம், உருளைக்கிழங்கில் வெட்டிப் பழகலாம். எழுத்தைக் கண்ணாடியில் தெரிவது மாதிரி மாற்றி வெட்ட வேண்டும். பிளேடு வேலையைப் பெரியவர்கள் செய்து கொடுங்கள்.

பிறகு குறிப்பு எழுதுங்கள். "கோவில் வாசலில் நின்று சூரியன் உதிக்கும் பக்கம் பார். 40 அடி நட. பழைய பீலித் தண்ணீர்ச் சத்தம் கேட்கும். வலது கைப்பக்கம் மூன்றாவது கல்." இந்த மாதிரி போதும்.

கட்டாயம் கவனிக்க வேண்டியவை

இங்கிலாந்தின் வெதர்பி பட்டணத்தில் 2011இல் ஒருவர் இப்படி வைத்த பெட்டியைக் குண்டு என்று பயந்து, தெருவை மூடி, இராணுவம் வந்து அதை வெடிக்க வைத்தது. யுத்தம் காணாத பட்டணத்திலேயே அப்படி என்றால், நம் நாட்டில் எவ்வளவு கவனம் வேண்டும்! ஆகவே:

1. காணி யாருடையதோ அவரிடம் முதலில் கேளுங்கள். தோட்டம் என்றால் துரையிடம், கோவில் என்றால் நிர்வாகத்திடம். கிராம சேவகருக்கும் சொல்லி வையுங்கள்.

2. உள்ளே இருப்பது தெரிகிற கண்ணாடிப் பெட்டியே நல்லது. வெளியே தமிழிலும் சிங்களத்திலும் "இது பிள்ளைகளின் விளையாட்டுப் பெட்டி" என்று பெரிதாக எழுதி, பொறுப்பானவர் தொடர்பையும் போடுங்கள்.

3. மண்ணைத் தோண்டிப் புதைக்க வேண்டாம். சாப்பாட்டுச் சாமான் வைக்க வேண்டாம். எலியும் குரங்கும் வரும்.

4. பஸ் நிலையம், பாலம், ரயில் பாதை, பொலிஸ் நிலையம், இராணுவ முகாம் பக்கம் வைக்கவே கூடாது.

5. மலையில் குளவிக்கூடு, அட்டை, மண்சரிவு இடம் பார்த்து விலகுங்கள். கிழக்கில் யானை வரும் பாதையைக் கேட்டு அறியுங்கள். மழைக்காலத்தில் கிட்டங்கித் தாம்போதி மாதிரித் தண்ணீர் மூடும் இடங்களுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகாதீர்கள்.

6. எல்லாவற்றையும் விட முக்கியம்: குறிப்பில் இல்லாத பெட்டி, இரும்பு, வயர் எதைக் கண்டாலும் தொடக்கூடாது. வந்த வழியே திரும்பி, பெரியவர்களிடமோ பொலிசிடமோ சொல்ல வேண்டும். மட்டக்களப்பு மாவட்டம் 2017இல் கண்ணிவெடி அகற்றப்பட்டதாக அறிவிக்கப்பட்டது. வடக்கில் சில இடங்களில் அந்த வேலை இன்னும் நடக்கிறது.

அன்றைக்குச் சொறிக்கல்முனையில் நாங்கள் விளையாட்டை நிறுத்தவில்லை. பெரியவரையே உட்கார வைத்து, டின்னைத் திறந்து காட்டினோம். பிறகு அதை வீட்டு வேலிக்குள் மாற்றினோம். மூடியில் பேர் எழுதினோம். அடுத்த முறை எங்கே ஒளிப்பது என்று பிள்ளைகள் அவரிடமே கேட்டார்கள். அவர் காட்டிய இடத்தைக் கண்டுபிடிக்க எங்களுக்கு அரை மணித்தியாலம் போனது!

ஒளித்து வைப்பது பிள்ளைகளுக்கு விளையாட்டு. ஆனால் ஒளித்திருக்கிறது என்று ஊரிலே பெரியவர்களுக்குத் தெரிந்திருக்க வேண்டும். இதை மறவாமல், வருகிற ஞாயிற்றுக்கிழமை உங்கள் லயத்துப் பிள்ளைகளோடு ஒருமுறை விளையாடிப் பாருங்கள்.