சூரியனின் மறுபக்கத்தில் முளைத்த புள்ளி

2024 ஆம் ஆண்டு மே 10 ஆம் திகதி இரவு, நோர்வேயின் வடகோடியில் வாழும் நம்மவர்கள் குளிர்காலந்தோறும் கண்டு பழகிய துருவ ஒளி, தெற்கே சுவிற்சர்லாந்தின் வானத்திலும் செந்நிறமாய்ப் படர்ந்தது. அதன் ஊற்றைத் தேடினால் சூரியனில் எழுந்த கரும்புள்ளிக் கூட்டம் ஒன்றை நாம் சென்றடைவோம். வானியலாளர் அதற்கு இட்ட இலக்கம் 13664.

கரும்புள்ளி என்பது சூரியனில் படிந்த கறையன்று; உள்ளிருந்து வெளிவந்த காந்தம். சூரியனின் உட்பகுதியில் மின்னேற்றம் பெற்ற வாயு கொதித்துப் புரளும்போது காந்தப்புலம் கயிறுபோல் முறுக்கேறுகிறது. அக்கயிற்றினுள் காந்தமும் சேர்ந்து அழுத்துவதால் வாயுவின் அடர்த்தி குறைகிறது. குறையவே, நீரில் அமிழ்த்திய பந்தைப்போல் அது மேலெழுகிறது. வில்லாக வளைந்து அது மேற்பரப்பைத் துளைக்கும் இரு இடங்களில், ஒன்று வடமுனையாகவும் மற்றது தென்முனையாகவும் புள்ளிகள் முளைக்கின்றன. அங்குள்ள காந்தப்புலம் பூமியினுடையதைவிட ஆயிரக்கணக்கான மடங்கு வலியது. கீழிருந்து வரும் வெப்பத்தை அது தடுப்பதால் புள்ளி கறுத்துத் தோன்றுகிறது. கறுப்பென்றாலும் ஏறத்தாழ 4000 பாகை வெப்பம்!

இக்காந்தத்திற்கு ஒளியே சாட்சி. வலிய காந்தப்புலத்தில் நிறமாலைக் கோடுகள் பிளவுபடும். அதைக்கொண்டே 1908 இல் அமெரிக்காவின் மவுண்ட் வில்சன் ஆய்வகத்தில் ஜோர்ஜ் ஹேல் கரும்புள்ளியின் காந்தத்தை நிறுவினார். (மறு ஆண்டே நமது கொடைக்கானலில் ஜோன் எவர்செட், புள்ளியிலிருந்து வாயு வெளிநோக்கிப் பாய்வதைக் கண்டார்.) 2010 இல் ஏவப்பட்ட அமெரிக்கச் செய்மதியொன்று 45 செக்கன்களுக்கு ஒருமுறை சூரிய முகத்தின் காந்தத்தை வரைபடமாக்கும் வல்லமை பெற்றது.

ஆயினும் பூமியின் அருகிலிருந்து நாம் காண்பது சூரியனின் ஒரு பாதியையே. 13664 பிறந்ததோ மறுபாதியில்! ஏப்ரல் 16 இல் அது முளைத்ததைக் கண்டது, அவ்வேளை அப்பக்கத்தில் நின்ற ஐரோப்பிய விண்கலமான சோலார் ஓபிற்றர். சூரியச் சுழற்சியால் நம் பக்கம் திரும்பியபின், மே முதல் வாரத்தில் அதே இடத்தில் புதிய காந்தக் கயிறுகள் எழுந்து பின்னிக்கொண்டன. பதினைந்து பூமிகளின் அகலத்துக்கு விரிந்த கூட்டம் பலமுறை வெடித்தது.

இதை வானவேடிக்கை என்று நாம் விட்டுவிட முடியாது. 1989 மார்ச் 13 அதிகாலை, இத்தகைய சூரியப் புயலால் கனடாவின் கியூபெக் மாகாண மின்வலையமைப்பு இரண்டு நிமிடங்களுக்குள் வீழ்ந்தது. அறுபது இலட்சம் மக்கள் ஒன்பது மணிநேரம் மின்சாரமின்றி இருந்தனர். அன்று மொன்றியலில் வாழ்ந்த நம்மவர்களுக்கு அது நினைவிருக்கும். சூரியன் உமிழும் வாயுமுகில் பூமியை அடைய ஓரிரு நாட்களே பிடிக்கும். புள்ளி முளைக்கும்போதே கண்டுகொண்டால் மின்நிலையங்கள் ஆயத்தமாக அது உதவும்.

சூரிச்சிலுள்ள ஆய்வாளர்கள் இருபுறப் படங்களையும் இணைத்து, 13664 ஐ ஜூலை 18 வரை 94 நாட்கள் பின்தொடர்ந்தனர். மே 20 இல், நம் பார்வைக்கு அப்பால் சென்றபின், அது முன்னையவற்றிலும் பெரிதாக ஒருமுறை வெடித்தது. பூமியிலிருந்து அதைக் காண முடியவில்லை. சோலார் ஓபிற்றர் பதிவுசெய்தது.